நாயுடன் ஒரு வாரம் ஸ்வேல்டேலில்: எந்த மாதம், எந்த வீடு, எந்தப் பாதை

லெஸ்டரில் வசிக்கும் குடும்பம் ஒன்று கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. இரண்டு வயது லேப்ரடார், முழங்கால் வலியுள்ள தாயார், பள்ளி செல்லும் மகள் ஆகியோருடன் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு வாரம், வடக்கு இங்கிலாந்தில் பள்ளத்தாக்குகள் நிறைந்த யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில், நாய்க்கு அனுமதியுள்ள காட்டேஜ் ஒன்றில் தங்க விரும்புகிறார்கள். நாய் பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் என்பதால் ஊர் அமைதியாக இருக்க வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு மலையில் நடக்கவும் ஆசை. எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இடத்தை நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள். 1954-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பள்ளத்தாக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது வடக்கே உள்ள ஸ்வேல்டேல்தான். ரீத்தில் தொடங்கி கன்னர்சைடு, மியூக்கர், த்வைட், கெல்டு என்று ஸ்வேல் ஆற்றை ஒட்டி மேலேறிச் செல்லும் சிற்றூர்களில், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்களும், வயலுக்கொன்றாக நிற்கும் கல் கொட்டகைகளும், அவற்றுக்கு நடுவே ஆடுகளும் தவிரக் கண்ணில் படுவது குறைவு. ஆனால் ஈஸ்டரில் மட்டும் போகாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் அதிலிருந்தே வருகின்றன.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கிய ஸ்வேல்டேல் செம்மறி, கறுத்த முகமும் வெளிறிய மூக்கும் சுருண்ட கொம்பும் கொண்டது; அதன் கிடாவின் தலையே தேசியப் பூங்காவின் சின்னம். மேட்டுநிலப் பண்ணைகளில் நவம்பரில் கிடா சேர்ப்பார்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம் என்பதால் ஏப்ரல் நடுவில் தொடங்கி மே வரை ஆடுகள் குட்டி ஈனும். ஈஸ்டர் மார்ச் இறுதியில் வந்தால் ஆடுகள் நிறைசினையாக இருக்கும், ஏப்ரலில் வந்தால் ஈன்றுகொண்டிருக்கும். இரண்டுமே ஒரு நாயின் வருகையை அந்த நிலம் தாங்க முடியாத நாட்கள். நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. விளையாட்டாகத் துரத்தினாலே சினை ஆடு மிரண்டு ஓடிக் குட்டியை இழக்கக்கூடும். ஈன்று சில மணி நேரமே ஆன ஆடு விலகி ஓடினால், திரும்பி வரும்போது தன் குட்டியை ஏற்காமல் போவதும் உண்டு. உங்கள் லேப்ரடார் வீட்டில் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், தன்னைக் கண்டு ஓடும் ஒன்றைப் பின்தொடர்வது அதன் இயல்பு.

சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, செம்மறிகள் இருக்கும் வயலில் நாய் கயிறும் இல்லாமல் நெருங்கிய கட்டுப்பாடும் இல்லாமல் திரிந்தாலே அதன் உடையவர் குற்றம் செய்தவராகிறார். ஆடுகளைக் காக்க வேறு வழியே இல்லாத நிலையில் நாயைச் சுட்டு, 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவித்த விவசாயிக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நகரத்திலிருந்து வரும் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வயல்களுக்கு மேலே, ஹீதர் புதர் படர்ந்த திறந்த மேட்டுவெளிகளில் பொதுமக்கள் நடக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. அங்கேயும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கால்நடைக்கு அருகில் என்றால் ஆண்டு முழுவதும் அப்படித்தான். மார்ச் முதல் ஜூலை வரையிலான விதி நிலத்தில் முட்டையிடும் பறவைகளுக்காக வைத்தது. வேட்டைக்காகக் கிரவுஸ் பறவை வளர்க்கும் சில மேட்டுவெளிகளில் நாயே கூடாது என்று நில உரிமையாளர் தடுக்கவும் முடியும். நுழைவாயிலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். எனவே நாயை அவிழ்த்துவிட்டு மலையில் நடக்கும் ஆசையை ஸ்வேல்டேலில் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான். அதற்காக நாய்க்கு ஏமாற்றம் என்று நினைக்காதீர்கள். முயலும் நரியும் ஆடும் முந்தைய இரவு நடந்துபோன தடத்தை ஒவ்வோர் அடியாக மோந்துகொண்டு போகும் நாய்க்கு, ஐந்து மைல் கயிற்று நடை நகரப் பூங்காவில் பந்துக்குப் பின் ஓடுவதைவிட நிறைவான களைப்பைத் தருகிறது.

வேலியில்லாத மலையில் அந்த ஆடுகள் எப்படித் தங்கள் பண்ணையின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. குட்டி தன் தாயோடு மேய்ந்தே தன் மந்தையின் இடத்தைக் கற்கிறது. அது தாயானதும் தன் குட்டிக்குக் கற்றுத்தருகிறது. பல தலைமுறைகளாகத் தொடரும் அந்தப் பழக்கம் ஒருமுறை அறுந்தால் மீண்டும் உண்டாக்குவது மிகக் கடினம். 2001-இல் கோமாரி நோய் பரவியபோது வடக்கு இங்கிலாந்தில் மந்தை மந்தையாக ஆடுகள் கொல்லப்பட்டதையும், மாதக்கணக்கில் நடைபாதைகள் மூடிக் கிடந்ததையும் அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. வழியில் எதிர்ப்படும் விவசாயி உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நாயின் கயிற்றைத்தான் பார்ப்பார். கயிறு இருக்கிறது என்று கண்டதும் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஊர்ப் பக்கம் அதுவே நல்ல வரவேற்பு.

எந்த மாதம் என்பதில், உங்கள் நாயின் பயத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிராமம் அமைதியானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நாய்க்குக் கேட்கும் கிராமம் வேறு. கிரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை, ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை நடக்கும். ஸ்வேல்டேலின் இருபுறமும் உள்ள மேடுகள் கிரவுஸ் வேட்டைக்குப் பேர்போனவை. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் வெடிக்கும் துப்பாக்கி அந்தப் பக்கச் சரிவில் மோதி இன்னொரு முறை கேட்கும். அக்டோபர் இறுதி விடுமுறையில் போனால், பிரிட்டனில் பட்டாசு வெடிக்கும் நாளான நவம்பர் 5-ஐ ஒட்டிய வாணவேடிக்கையும் முன்கூட்டியே தொடங்கிவிடலாம். ஆகையால் உங்களுக்கு ஏற்றது மே மாதக் கடைசியில் வரும் ஒரு வாரப் பள்ளி விடுமுறை. அப்போது குட்டிகள் பிறந்து தாயோடு திடமாக மேய்ந்துகொண்டிருக்கும், வேட்டை இருக்காது, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். விமானப்படையின் போர் விமானங்கள் தாழப் பறந்து பயிற்சி செய்வது மட்டும் எந்த மாதத்திலும் நேரலாம். சனி, ஞாயிறுகளில் அது அரிது. வார நாட்களில் திறந்த மலையில் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருங்கள்.

ஊர் என்று பார்த்தால், தாயாரை எண்ணி ரீத்தைச் சொல்வேன். அகன்ற புல்வெளித் திடலைச் சுற்றிக் கடைகளும் தேநீர்க்கூடங்களும் பப்புகளும் இருப்பதால், நீங்கள் நடக்கப் போனாலும் அவருக்குப் பொழுது போகும். ஆற்றை ஒட்டி கிரின்டன் வரை அதிக ஏற்றமில்லாத நடையும் உண்டு. மியூக்கர் இன்னும் அழகு, ஆனால் அங்கே வீட்டை விட்டு வெளியே வந்தாலே ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கும்.

இனி வீடு. நாய்க்கு அனுமதி என்ற ஒரே வரிக்குப் பின்னால் மிக வேறுபட்ட வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் நாய் சமையலறையை விட்டு நகரக் கூடாது. இன்னொன்றில் சோபாவுக்கு விரிப்பு, அழுக்குத் துண்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். ஒரு நாய்க்கு ஒரு தங்கலுக்கு 20 முதல் 40 பவுண்டு வரை கூடுதலாகக் கேட்பது வழக்கம். விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது தோட்டத்தைப் பற்றிய சொற்களை. தோட்டம் உண்டு என்பதும் தோட்டம் முழுவதும் அடைப்புள்ளது என்பதும் ஒன்றல்ல. படத்தில் கிடைக்கம்பு வேலி தெரிந்தால், கம்புகளுக்கு இடையே கம்பிவலை அடித்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வலை இல்லாவிட்டால் உங்கள் நாய் குனிந்து வெளியே போய்விடும், மறுபக்கத்து ஆட்டுக்குட்டி உள்ளே வந்துவிடும். கல்சுவர் இடுப்பளவுதான் என்றால் இரண்டு வயது லேப்ரடாருக்கு அது சுவரே அல்ல. வாயிற்கதவின் கொண்டி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளுமா, கதவுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, தோட்டத்தை ஒட்டிய வயலில் மே மாதத்தில் என்ன மேயும், பக்கத்துப் பண்ணையின் நாய்கள் முற்றத்தில் அவிழ்ந்து திரியுமா என்று உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். இவற்றுக்கு அக்கறையாகப் பதில் எழுதும் உரிமையாளர் பெரும்பாலும் தாமே நாய் வளர்ப்பவராக இருப்பார். அப்படிப்பட்டவரின் வீட்டையே எடுங்கள்.

நாயைத் தனியே விட்டுச் செல்லலாமா என்பதையும் முன்பே கேட்க வேண்டும். பல காட்டேஜ்களில் அதற்கு அனுமதி இல்லை. இருந்தாலும், பழக்கமில்லாத வீட்டில் முதல் நாளே தனித்து விடப்பட்ட நாய் கதவைப் பிறாண்டிக்கொண்டு குரைக்கும், ஒட்டிய வீட்டில் இருப்பவர்களின் விடுமுறையும் கெடும். ஒரு வாரத் தங்கல் வெள்ளியிலோ சனியிலோ தொடங்கும், பிற்பகல் 4 மணி வாக்கில் உள்ளே விடுவார்கள், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டும். அந்த முதல் மாலையில் வேறு எங்கும் போகாமல், நாயைக் கயிற்றில் பிடித்துத் தோட்டத்தின் விளிம்பு முழுவதையும் ஒருமுறை சுற்றி, ஒவ்வொரு மூலையையும் அது மோந்து பார்க்கட்டும். வீட்டிலிருந்து அதன் படுக்கையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். தன் வாசனை உள்ள இடத்தில் அது எளிதாகத் தூங்கும். உணவையும் மாற்ற வேண்டாம். அங்கே சமைக்கும்போது, நம் சாம்பாரிலும் குழம்பிலும் சேரும் வெங்காயமும் பூண்டும், பாயசத்துக்கான உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதை விடுமுறை மனநிலையில் யாரும் மறந்துவிடக் கூடாது.

பழைய கல்வீடுகளில் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். தாயாருக்காகக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உள்ள வீட்டைத் தேடுங்கள்; நாயை மாடிக்கு விடக் கூடாது என்ற விதியுள்ள வீட்டில் அவரும் நாயும் இரவில் ஒருவருக்கொருவர் துணையாகவும் இருப்பார்கள். கல்தளம் பாவிய முன்னறையும் வெளியே ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால், சேறு பூசிய நான்கு கால்களைக் கழுவித் துடைத்து உள்ளே அழைத்துவருவது எளிது. விறகு அடுப்பின் கண்ணாடிக் கதவு மிகவும் சூடேறும். முன்னால் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த சுவர்களால் கைபேசிச் சிக்னல் பல வீடுகளில் கிடைக்காது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் போவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உடையவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992 முதல் உள்ள விதி. நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள நுண்சில்லு 2016 முதல் கட்டாயம். அந்த வாரத்துக்கு மட்டும் கைபேசி எண்ணும் காட்டேஜின் பெயரும் பொறித்த இன்னொரு வில்லையை மாட்டிவிடுங்கள்.

மே இறுதியில் நீங்கள் ஆடுகளைவிட அதிகம் கவனிக்க வேண்டியது மாடுகளை. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் இருந்த பசுக்கள் அப்போது கன்றுகளோடு வயலுக்கு வந்திருக்கும். பசுவுக்கு நாய் என்பது கன்றைக் கொல்ல வரும் விலங்கு. நடப்பவர்களை மாடு மிதித்துக் கொன்ற நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் கன்றுள்ள பசுக்களும் கூட ஒரு நாயும் இருந்திருக்கின்றன. வயலுக்குள் நுழையுமுன் சுவருக்கு மேலாகப் பாருங்கள். கன்றுகள் தெரிந்தால் வேறு வழி தேடுங்கள். வழி இல்லையென்றால் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல், ஓரமாக, ஓடாமல், சத்தமில்லாமல் கடந்து செல்லுங்கள். பசுக்கள் நெருங்கி வந்து துரத்தத் தொடங்கினால் உடனே கயிற்றை விட்டுவிடுங்கள். நாயைக் காப்பாற்ற அதை இறுகப் பிடித்துக்கொள்ளத்தான் மனம் சொல்லும்; ஆனால் நாய் மாட்டைவிட வேகமாக ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது. இதை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாயின் கயிற்றை அவள் கையில் கொடுக்கும் வழக்கம் இருந்தால், மாடுள்ள வயலில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நடையை மட்டும் தவறவிட வேண்டாம் என்றால், மியூக்கரிலிருந்து ஆற்றுப் பாலம் வரை புல்வயல்கள் வழியாகச் செல்லும் சிறு தூரத்தைச் சொல்வேன். 1930-களுக்குப் பிறகு இங்கிலாந்து தன் காட்டுப்பூப் புல்வயல்களில் 97 விழுக்காட்டை இழந்துவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எஞ்சியவற்றில் மிகச் சிறந்த சில அங்கேதான் இருக்கின்றன. ஜூன் நடுவில்தான் அவை முழுமையாகப் பூக்கும் என்றாலும், மே இறுதியிலேயே மஞ்சள் பூக்கள் தலைகாட்டத் தொடங்கும். வயலுக்கு வயல் சுவரில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டு, அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிறு மரக்கதவை வில்கம்பி வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கதவு விட்டவுடன் சடாரென்று மூடிக்கொள்ளும். நாயின் வால் உள்ளே வரும் வரை கையால் பிடித்திருக்க வேண்டும். பருத்த லேப்ரடார் சில இடுக்குகளில் திணறும் என்பதால், இப்போதே அதன் எடையைக் கவனிக்க இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். வயலுக்குள் ஒற்றைத் தடத்தில் ஒருவர்பின் ஒருவராகவே நடக்க வேண்டும், ஏனென்றால் இருபுறமும் நிற்பது குளிர்காலத்தில் மாடும் ஆடும் தின்னப்போகும் தீவனம். நாயின் கழிவை அள்ளாமல் விட்டால் அதிலுள்ள ஒட்டுண்ணி உலர்ந்த புல்லோடு பசுவின் வயிற்றுக்குள் போய்க் கருச்சிதைவை உண்டாக்கக்கூடும். பையில் கட்டிய கழிவைச் சுவரில் தொங்கவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்; அதைவிட மோசமான செயல் இல்லை, ஏனென்றால் இப்போது பிளாஸ்டிக்கும் சேர்ந்து வயலில் விழும்.

ஸ்வேல் ஆறு மழை பெய்தால் மிக வேகமாக ஏறும். மேலே பெய்த மழை உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்; தண்ணீர் தேயிலை நிறத்தில் நுரைத்து ஓடினால் நாயை இறக்க வேண்டாம். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பிடரியில் ஊற்றும் சொட்டுமருந்தை ஊற்றிய நாட்களிலும் நீந்த விடாதீர்கள், அந்த நஞ்சு இங்கிலாந்தின் ஆறுகளில் நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் அளவில் கண்டறியப்பட்டிருக்கிறது. மாத்திரையாகக் கொடுப்பதைப் பற்றி உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நடை முடிந்ததும் நாயின் காது மடிப்பு, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் அதற்கான கொக்கியால் திருகி எடுங்கள். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. உங்கள் கால்களையும் பாருங்கள், உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய் மனிதருக்கும் வரும். கன்னர்சைடுக்கு மேலே உள்ள ஓடைப்பள்ளத்தில் பழைய ஈயச் சுரங்கங்களின் இடிபாடுகள் பார்க்க வேண்டியவைதான்; ஆனால் அங்கே மூடப்படாத குழிகள் இருக்கலாம், புல் முளைக்காத கழிவுமேடுகளில் இன்னும் ஈயம் இருக்கிறது, தேங்கிய நீரை நாய் குடிக்கக் கூடாது.

மாலையில் பப்புகளில் பொதுவாக மதுக்கூடப் பகுதியில் நாய்க்கு இடமுண்டு, உணவு அறையில் இருக்காது. தொலைபேசியில் கேட்டு, கல்தளமுள்ள மூலை மேசையைச் சொல்லிவையுங்கள். 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் டேன் ஹில் விடுதி பிரிட்டனிலேயே உயரமான பப். கெல்டிலிருந்து காரில் சிறிது தூரம்தான். இரவில் நாயைக் கடைசியாக வெளியே அழைத்துப் போகும்போது டார்ச் விளக்கு இல்லாமல் முடியாது. 2020-இல் இருண்ட வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது, தெருவிளக்குகள் அரிது. விளக்கை அணைத்துவிட்டு மகளை ஒருமுறை மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

மழை விடாது பெய்யும் ஒரு நாளுக்காக, கார்ஸ்டேல் ரயில் நிலையத்தைச் சொல்லி வைக்கிறேன். அந்த நிலையம் இருக்கும் செட்டில்–கார்லைல் ரயில்பாதையை மூட அரசு முயன்றபோது அதை எதிர்த்தவர்களின் பட்டியலில் ரஸ்வார்ப் என்ற நாயின் பாதத்தடமும் இடம்பெற்றது. கட்டணம் செலுத்திப் பயணம் செய்யும் பயணி என்ற முறையில் அது ஏற்கப்பட்டது. 1989-இல் பாதை காப்பாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதன் எஜமானர் கிரகாம் நட்டல் வேல்ஸ் மலையில் நடக்கச் சென்று இறந்துபோனார். பதினொரு வாரங்களுக்குப் பிறகு அவர் உடலைக் கண்டெடுத்தபோது, ரஸ்வார்ப் குளிர்காலம் முழுவதும் அவர் அருகிலேயே காத்துக் கிடந்தது தெரியவந்தது. அந்த நிலைய நடைமேடையில் ரஸ்வார்ப்பின் வெண்கலச் சிலை இருக்கிறது. இன்று பிரிட்டன் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம் என்பதால், அங்கிருந்து ரிபிள்ஹெட் பாலத்தைக் கடந்து செட்டில் வரை நாயோடு போய் வரலாம்.

மே விடுமுறைக்கு ரீத்தில் அடைப்புள்ள தோட்டமும் கீழ்த்தளப் படுக்கையறையும் சேர்ந்த வீடு கிடைக்காவிட்டால், தெற்கே அடுத்த பள்ளத்தாக்கான வென்ஸ்லிடேலில் ஆஸ்க்ரிக், வெஸ்ட் பர்ட்டன் ஆகிய ஊர்களில் தேடுங்கள். நாயை அவிழ்த்துவிட்டே ஆக வேண்டும் என்பது உறுதியான விருப்பமானால் டேல்ஸை விட்டுவிட்டு, நார்தம்பர்லாந்து கடற்கரையில் பாம்பர்க் பக்கம் ஒரு காட்டேஜ் எடுங்கள். அங்கே ஆடு இல்லாத மைல்கணக்கான மணல்வெளி இருக்கிறது, பறவைகள் முட்டையிடும் கயிறு கட்டிய இடங்களை மட்டும் விலகிச் சென்றால் போதும்.